தெளிந்த பாத்திரமும் படிந்த பாத்திரமும்

"சூட்டுல எல்லாந்தான் கரையும், ஆறவிட்டுல்லா பாக்கணும்..." உப்பளத்தில் கங்காணியாக இருந்த மாமனார் இப்படி ஏதோ சொல்வார். அதற்கு மேல் என்ன சொன்னார் என்பது சுடலைக்கண்ணுவுக்கு மறந்துபோயிற்று. அவர் மகள், இவர் மனைவி பிரமசக்திக்கு மறக்கவில்லை.

எண்ணூறு வாழை, குலை தள்ளும் பருவம். மறுநாள் உரம் வைத்தாக வேண்டும். உரக்கடை வைத்திருக்கிற மச்சான், பிரமசக்தியின் அண்ணன் நம்பிராஜன் பன்னிரண்டு மூட்டை வெள்ளைப் பொட்டாஷ் இறக்கியிருந்தார். ஆனால் அதே கடையில் வாங்கி வைத்த பக்கத்துத் தோட்டத்தில் இலையெல்லாம் ஓரம் கருகி நின்றது. மூட்டையில் இருப்பது உப்போ என்று சுடலைக்கண்ணுவுக்குச் சந்தேகம். உப்பை வைத்தால் வாழை அத்தனையும் போச்சு.

கூப்பிட்டுக் கேட்டதும் மச்சான் வந்தார். ஒரு பிடி அள்ளி வாளித் தண்ணீரில் கலக்கினார். மண்டி இல்லாமல் கரைந்தது. கரைந்தால் நல்ல சரக்கு என்றுதான் ஊரே நம்பிக்கொண்டிருந்தது. பிறகு விரலை முக்கி நக்கினார். அதே எச்சில் விரலை மூட்டைக்குள் விட்டுத் துழாவி, ஒட்டியதைச் சுடலைக்கண்ணுவின் வாய்ப்பக்கம் நீட்டினார்.

"நக்கிப் பாருங்க மாப்ளே. பொட்டாஷும் கரிக்கத்தான் செய்யும்."

நகக்கண்ணில் அழுக்கு. சுடலைக்கண்ணு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிரமசக்தி போன வருடம் வேறு கடையில் வாங்கி, வாழையை நன்றாகக் காய்க்கவைத்த பொட்டாஷின் மிச்சத்தை எடுத்து வந்தாள். இரண்டு பாத்திரத்தில் ஒரே அளவு தண்ணீரைக் கொதிக்கவிட்டாள். ஒன்றில் பழையது, மற்றதில் புதியது. இனிக் கரையாது என்னும் மட்டும் போட்டுக் கிண்டினாள். சுடச்சுடத் துணியில் வடிகட்டி ஆறவைத்தாள்.

ஆறிய பிறகு பார்த்தால், பழையதன் அடியில் வெள்ளைப் பரல் கனமாகப் படிந்திருந்தது. புதியதில் ஒரு கிள்ளு தேறினால் அதிகம்.

மச்சான் தொடையைத் தட்டிச் சிரித்தார். "பாத்தியா தங்கச்சி, அடியில நிக்குல்லா, அதுதான் கலப்படம். நம்ம சரக்கு கண்ணாடி மாதிரி இருக்கு."

"கசடுன்னா துணியிலயே நின்னிருக்கும்ணே."

கேட்கிறவர்களே, அண்ணன் தங்கை இருவரில் யார் சொன்னது சரி? எந்தப் பாத்திரத்தில் உப்பு?

விடை: தங்கை சொன்னதே சரி. கொதிக்கிற தண்ணீர் பொட்டாஷை நிறைய வாங்கிக்கொள்ளும். ஆறினால் தாங்கமாட்டாமல் கக்கிவிடும். உப்புக்குச் சூடும் ஆறலும் ஏறக்குறைய ஒன்றுதான். கரைந்தது கரைந்தபடி கிடக்கும். தெளிந்து நின்றதுதான் உப்பு. சுடலைக்கண்ணு பன்னிரண்டு மூட்டையையும் வேளாண்மை அலுவலகத்தில் இறக்கி, மச்சான் பெயரில் புகார் எழுதிக் கொடுத்தார்.