நூற்றுப் பதினெட்டாம் பக்கம்

தன்னைப் பற்றி ஆவணப்படம் எடுக்க வந்துவிட்டார்கள் என்றதும் பேராசிரியர் மகிழ்நம்பிக்குக் கால் தரையில் பாவவில்லை. பல்கலைக்கழக நூலகத்தில் தினக்கூலிக்குப் புத்தகம் அடுக்கும் ஆவுடையம்மாளைக் கூப்பிட்டார்.

"என் புத்தகத்துக்குப் பசங்க அடிச்சுக்கிறாங்கன்னு கேமராவைப் பார்த்துச் சொல்லு. இல்லேன்னா நாளையிலேருந்து வேலைக்கு வராதே."

ஆவுடையம்மாள் அந்தப் புத்தகத்தைத் தேடி எடுத்து, பதினோரு வருஷத் தூசியைத் தட்டினாள். கேமரா ஓடியது.

"நான் என்னத்தைக் கண்டேன் ஐயா? ஆராய்ச்சிக் கட்டுரைகளை அடுக்குறப்ப பார்ப்பேன். இருநூறு பேரு உங்க புத்தகத்தோட நூத்திப் பதினெட்டாம் பக்கத்தைத்தான் அடிக்குறிப்புல போட்டிருக்காங்க. அதை உங்க வாயால வாசிங்களேன், ஊரே கேட்கட்டும்."

மகிழ்நம்பி குளிர்ந்துபோனார். "உயிரைப் பிழிஞ்சு எழுதின பக்கமாச்சே அது!" என்று புரட்டினார். புத்தகம் தொண்ணூற்றாறாம் பக்கத்தோடு முடிந்துவிட்டது. பின்னட்டையையும் ஒருமுறை தடவிப் பார்த்தார்.

படத்தின் இயக்குநர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்: "அப்ப அந்த நூத்திப் பதினெட்டாம் பக்கத்தை எழுதினது யாரும்மா?"

"எழுதினவரு யாருன்னு எனக்குத் தெரியாதுங்க," என்றாள் ஆவுடையம்மாள். "இந்தப் புத்தகத்தைப் படிக்காதவங்க பேருதான் கட்டுரை அட்டைகள்ல வரிசையா இருக்கு. ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் எழுதிக்கிட்டவங்க. நூத்திப் பதினெட்டுன்னு தன் கட்டுரையில முதல்ல போட்டவரு நம்ம ஐயாதான்."