தள்ளி நில்லு

அமலோற்பவம் ஆஸ்பத்திரி நர்ஸ். ஐம்பதை நெருங்கும் வயது. சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது ஒருவன் ஸ்கூட்டரைக் குறுக்கே நிறுத்திப் பேச்சுக் கொடுத்தான். முதலில் மணி கேட்டான். இன்னொரு நாள் பேர் கேட்டான். பிறகு கையைப் பிடித்தான். அன்று எப்படியோ உதறிக்கொண்டு வந்துவிட்டாள்.

மறுநாள் தமயந்தியின் தற்காப்புக் கலைப் பயிற்சிக்கூடத்துக்குப் போனாள். தமயந்தி அவளைவிட ரொம்பச் சின்னவள். ஆனாலும் அங்கே எல்லோருக்கும் மாஸ்டர்.

“கராத்தேயா, குத்துச்சண்டையா, சிலம்பமா? ரோட்டுல நிஜமா உதவுறது எது மாஸ்டர்? அதை மட்டும் கத்துக்கிறேன்.”

தமயந்தி எழுந்து வந்து, மூச்சுக்காற்று படும் தூரத்தில் நின்றாள்.

அமலோற்பவம் பின்னால் நகர்ந்தாள். தமயந்தி மறுபடி நெருங்கினாள். முதுகு சுவரில் இடிக்கிறவரை விடவில்லை.

“ஏங்க்கா சிரிக்கிறீங்க?”

தான் சிரித்துக்கொண்டிருப்பது அப்போதுதான் அமலோற்பவத்துக்கே தெரிந்தது.

“அவன்கிட்டயும் சிரிச்சீங்களா?”

அவள் தலை குனிந்தாள். “பழக்கம் மாஸ்டர். யார் கத்துனாலும் சிரிச்ச முகமாத்தான் பேசணும் எங்க வேலையில.”

“சிரிக்காம ‘தள்ளி நில்லு’ன்னு சொல்லுங்க.”

சொன்னாள். பக்கத்தில் இருந்தவர்களுக்குக்கூடக் கேட்கவில்லை.

“நாளைக்கும் வாங்க.”

தினமும் போனாள். மற்றவர்கள் உதைத்தார்கள், குத்தினார்கள், கம்பு சுற்றினார்கள். தமயந்தி அவளை மட்டும் எதிரே நிறுத்தி நெருங்கி வந்தாள். அமலோற்பவம் தள்ளி நிற்கச் சொன்னாள். கையைப் பிடித்தால் உதறிவிட்டுக் கூடத்தின் மறுகோடிக்கு ஓடச் சொல்வாள் மாஸ்டர். ஓடினாள். இதற்கா வந்தோம் என்று வீட்டில் தனியாக உட்கார்ந்து குமைந்தாள். ஆனால் குரல் மெல்ல மெல்ல அடிவயிற்றிலிருந்து வர ஆரம்பித்தது.

சில வாரங்கள் ஆளைக் காணவில்லை. ஒரு நாள் திரும்பி வந்தான். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு இறங்கி அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

“தள்ளி நில்லு.”

தெருவே திரும்பிப் பார்த்தது. பூக்கடைக்காரி எழுந்து நின்றாள். அவன் பிடி தளர்ந்ததும் அமலோற்பவம் கையை உதறிக்கொண்டு எதிரே இருந்த மருந்துக் கடைக்குள் ஓடினாள். கடைக்காரர் வெளியே வந்தார். அவன் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். வண்டி நம்பரைப் பூக்கடைக்காரி உரக்கச் சொன்னாள். அமலோற்பவம் அதை வைத்துப் போலீஸில் புகார் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள்.

அடுத்த நாள் கூடத்துக்கு வந்தவள் வாசலிலேயே நின்றாள். முகம் வாடியிருந்தது.

நடந்ததைச் சொன்னாள். “ஒரு அடிகூட அடிக்கல மாஸ்டர். பயந்து ஓடிட்டேன். எந்தக் கலையும் தெரியாதவ மாதிரி.”

“உடம்புல காயம்?”

“இல்ல.”

“வீட்டுக்குப் போய் என்ன பண்ணீங்க?”

“தோசை சுட்டேன்.”

“சாப்பிட்டீங்களா?”

“சாப்பிட்டேன். தூங்கினேன்.”

தமயந்தி கூடத்தைத் திரும்பிப் பார்த்தாள். உள்ளே வியர்க்க வியர்க்கப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது.

“இதுக்குத்தாங்க்கா அத்தனை கலையும்.”