பதினோரு முறை அழிந்த கேள்வி

"டீச்சர், உங்க தளத்துல இருக்கிற யாருக்கும் காதே கிடையாதா?"

செருப்பைக் கழற்றும்போதே பொன்னுரங்கம் கேட்டுவிட்டார். மூன்று பஸ் மாறி வந்த கோபம் அது.

எல்லோரும் டீச்சர் என்று அழைக்கும் அமலிக்கு வயது முப்பத்திரண்டு. சிறுமலை அடிவாரத்தில் தேனீ வளர்க்கிறாள். தேனீக்காரர்கள் பேசிக்கொள்ள ஓர் இணையதளமும் நடத்துகிறாள்.

பொன்னுரங்கத்துக்கு அறுபத்தொன்று. முப்பது வருஷம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். அவர் விசில் ஊதினால் வண்டி கிளம்பியே ஆக வேண்டும்.

ஓய்வுக்குப் பிறகு நான்கு தேனீப் பெட்டி வைத்தார். மூன்றிலிருந்து தேனீக்கள் கூண்டோடு கிளம்பிப் போய்விட்டன. மிச்சம் ஒன்று. அதுவும் போனால் மனுஷன் தாங்கமாட்டார். மனைவி இறந்தபின் அந்த வீட்டில் சத்தம் என்று ஏதாவது கேட்டால் அந்தப் பெட்டியிலிருந்துதான்.

என்ன செய்யலாம் என்று தளத்தில் எழுதினார். பழைய பதிவுகளைத் தேடிப் பாருங்கள் என்றான் ஒருவன். இன்னொருவன் சிரிப்புப் படம் போட்டான். நாட்டுத் தேனீயா, இத்தாலியத் தேனீயா என்று இரண்டு பேர் அங்கேயே மல்லுக்கட்டினார்கள். சாயங்காலத்துக்குள் கேள்வி எங்கோ அடியில் போய்விட்டது.

பொன்னுரங்கம் விடுவாரா? தினமும் காலையில் அதை அழித்துவிட்டு, மேலே தெரியும்படி புதிதாகப் போட்டார். பதினோரு நாளும் அதே கதி.

இவ்வளவையும் கொட்டித் தீர்த்தார். அமலி கொட்டகையில் இருந்த கரும்பலகை முன்னால் அவரை நிறுத்தி, சாக்பீஸைக் கையில் கொடுத்தாள்.

"கேள்வியை எழுதுங்க சார்."

எழுதினார். அதன் கீழே அமலி நிதானமாகப் பதில் எழுதத் தொடங்கினாள்.

'பெட்டியின் அடி' என்று வந்ததும், ஈரத்துணியை எடுத்துப் பலகை முழுவதையும் துடைத்தாள்.

"மறுபடி எழுதுங்க."

எழுதினார். 'பெட்டியின் அடி.' உடனே துணி.

மூன்றாவது முறை சாக்பீஸை அழுத்தி எழுதினார். நான்காவது முறை முகம் சிவந்தது. ஐந்தாவது முறை துணியை அவள் கையிலிருந்து பிடுங்கியே விட்டார்.

"ஒருத்தர் பதில் எழுதிட்டு இருக்கும்போது கேள்வியை அழிச்சா எப்படி டீச்சர்?"

சொன்ன வாய் மூடவில்லை. அப்படியே நின்றார்.

"கொடைக்கானல்ல ஒரு பெரியவர் இருக்கார்," என்றாள் அமலி. "ஒத்தை விரலால தட்டுவார். ஒரு பதிலுக்கு ரெண்டு நாள் ஆகும். உங்களுக்கு நாலு தடவை ஆரம்பிச்சார். முடிக்கறதுக்குள்ள கேள்வியே இல்ல. நேத்து எனக்குப் போன் பண்ணி அழாத குறையா சொன்னார்."

பொன்னுரங்கத்துக்கு வெட்கமாகப் போய்விட்டது. துணியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

பெரியவர் போனில் சொன்ன பதிலை அமலி முழுசாக எழுதி முடித்தாள். பெட்டியின் அடிப்பலகையைக் கழற்றிப் பாருங்கள். தேனடையைத் தின்னும் மெழுகுப் புழு இருக்கும். புழு வைத்த அடைகளை எடுத்துவிட்டுச் சர்க்கரைப் பாகு வையுங்கள்.

வீட்டுக்கு ஓடிப் போய்ப் பார்த்தார். புழு இருந்தது. சொன்னபடியே செய்தார்.

பதினைந்தாம் நாள் பெட்டிக்குள் வெள்ளை வெளேரென்று புது அடை. தேனீக்களின் இரைச்சல் தெரு வரைக்கும் கேட்பதாக அவருக்குத் தோன்றியது. தாங்க முடியாத சந்தோஷத்தோடு தளத்தில் கொடைக்கானல் பெரியவருக்கு எழுதினார்: 'ஐயா, என் தேனீக்கள் தங்கிவிட்டன.'

பெட்டிக்கு என்ன பெயிண்ட் அடித்தீர்கள் என்று ஒருவன் கேட்டான். பெயிண்டே கூடாது என்று இன்னொருவன் பாய்ந்தான். சண்டை இரண்டு நாள் நடந்தது. பொன்னுரங்கம் ரசித்துப் படித்தார்.

மூன்றாம் நாள் கொடைக்கானலிலிருந்து பாதி வார்த்தை வந்தது: 'சந்தோ'.

பொன்னுரங்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.