ராக்கியண்ணன் நடக்காத பங்குனி

பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடியில் தீர்த்தம் எடுத்து, மூன்று நாள் வெறுங்காலில் பழனிக்கு நடக்கிற கூட்டம் எங்களுடையது. நாற்பது காவடி. குருசாமி தங்கமுத்து. சாமியார் எல்லாம் இல்லை, ஊரில் மாவு மில் வைத்திருக்கிறார். ஆனால் மாலை போட்டுவிட்டால் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. அவர் சொன்னால் கிளம்புவோம், சொன்னால் உட்காருவோம்.

அந்த வருசம் காலையில் ஆற்றுப் படியில் கலசத்துக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தோம். ராக்கியண்ணன் ஆட்டோவில் வந்து இறங்கினார். விசைத்தறி மெக்கானிக். குருசாமியைவிட இரண்டு வயது மூத்தவர், பத்தொன்பது வருசமாக அவருக்குச் சீடர்.

வலது காலில் கட்டு. கட்டுக்கு மேல் பிளாஸ்டிக் கவர். சர்க்கரை வியாதி, அந்தக் காலில் ரெண்டு விரலை ஆடி மாசமே எடுத்துவிட்டார்கள். இந்தக் காலோடு வந்து நிற்கிறாரே மனுசன் என்று எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

“என்னுங்க சாமி, கட்டோட வந்திருக்கறீங்க?” என்றார் குருசாமி.

“உள்ளங்கால் புண்ணு இன்னும் ஆறலீங்க. ஆறு வாரம் காலை ஊணவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிப்போட்டாரு. ஊணுனா முழங்காலுக்குக் கீழ எடுக்கோணும்ங்கறாரு. வீட்டுல ஒரே அழுகை.”

“அப்பறம்?”

“நீங்க ‘வாங்க’ன்னு ஒரு வார்த்தை சொன்னா நடந்துருவேனுங்க. போன வருசம் தாராபுரம் ரோட்டுல எல்லாரும் சூடு தாங்காமத் துள்ளுனாங்க. எனக்கு ஒண்ணுமே தெரியலை. முருகன் இவருக்குப் பூ விரிச்சுக் கூட்டிட்டுப் போறான்னு நீங்கதானே சொன்னீங்க? இந்த வருசம் விரிக்க மாட்டானா?”

குருசாமி அவரைப் படியில் உட்கார வைத்தார். தோரணத்துக்கு வைத்திருந்த தென்னோலையில் ஒரு ஈர்க்கை உருவிக்கொண்டு, ஒரு படி கீழே உட்கார்ந்தார். கட்டில்லாத இடது காலைத் தூக்கித் தன் மடியில் வைத்தார்.

ராக்கியண்ணன் பதறிப்போய்க் காலை இழுத்தார். “என்னுங்க இது, குரு மடியில காலை வெக்கறதா?”

“இருக்கட்டும். கண்ணை மூடிக்கங்க. நான் தொடறப்ப சொல்லுங்க.”

குதிகாலில் வைத்தார். பெருவிரல் அடியில் வைத்தார். நடுப்பாதத்தில் ஈர்க்கு வளைகிற அளவுக்கு அழுத்தினார். ஒன்பது இடம், நான் எண்ணினேன்.

“ஆரம்பிங்க சாமி,” என்றார் ராக்கியண்ணன், கண்ணை மூடியபடியே.

குருசாமி ஈர்க்கைக் கீழே வைத்தார். “முடிச்சுப்போட்டேனுங்க.”

ராக்கியண்ணன் கண்ணைத் திறந்தார். தன் கையால் உள்ளங்காலைத் தடவிப் பார்த்தார்.

“அப்ப போன வருசம் பூ விரிக்கலீங்களா?”

“இல்லீங்க. உங்க காலுல உணர்ச்சி போயிருந்துச்சு. அதைப் பூவுன்னு சொல்லிப்போட்டேன். நீங்க நடக்க வேண்டாமுங்க சாமி. புண்ணு ஆறட்டும். இந்தக் காலுக்குச் செருப்பு வேணும், வீட்டுக்குள்ளயும். பூஜை ரூமுலயும் போட்டுக்கங்க, சாமி கோவிச்சுக்காது. தெனமும் ரெண்டு உள்ளங்காலையும் வீட்டம்மாகிட்டக் காட்டுங்க.”

“பத்தொம்பது வருசமுங்க,” என்றார் ராக்கியண்ணன். பிறகு அழுதுவிட்டார். பெரிய மனுசன் அப்படி அழுவதைப் பார்க்க எங்களுக்குத் தாங்கவில்லை.

குருசாமி எழுந்தார். தன் காவடியை எடுத்து பல வருசமாக எங்களோடு நடக்கிற வையாபுரி தோளில் வைத்தார்.

“நீங்க கூட்டத்தைக் கூட்டிட்டுப் போங்க. நான் வரலை.”

முப்பத்தொரு வருசத்தில் அவர் ஒரு தடவைகூட நின்றதில்லை. ராக்கியண்ணன்தான் கேட்டார்.

“உங்களுக்கு என்னுங்க? உங்க கால் நல்லாத்தானே இருக்குது?”

குருசாமி திரும்ப வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். “மொதல்ல டாக்டர் உங்ககிட்ட என்ன கேட்டாரு?”

“புண்ணு எப்பப் பட்டுச்சுன்னு கேட்டாரு. தெரியலீங்க. போன வருசம் நடந்து முடிச்சு ஊருக்கு வந்து நாலாம் நாள், பாயில இருந்த கறையை வீட்டுல பார்த்துத்தான் எனக்கே தெரியும்.”

“ரெண்டாம் நாளுங்க. தாராபுரம் தாண்டி, உச்சி வெயிலு. நான் உங்களுக்குப் பின்னாடி வந்தேன். ரோட்டுல வரிசையா ரத்தக் காலடி.”

என்னால் தலை நிமிர முடியவில்லை. அன்றைக்கு அவருக்குப் பின்னால் நானும் வந்தேன்.

“பார்த்தீங்களா?”

“பார்த்தேனுங்க. உங்க நடை கெட்டுரும்னு யாரையும் சொல்ல விடலை.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேங்க?”

“சொல்லியிருக்கோணும் சாமி. நான் குனிஞ்சு அந்த ரத்தத்தைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டேன். கூட்டத்தையும் ஒத்திக்கச் சொன்னேன்.”