பறியில் வளர்ந்த பாசி

உப்பங்கழியோரத்து மடத்தில் குருவுக்கு நாற்பது வயது, சீடருக்கு அறுபது. வெளியூர்க்காரர்கள் முதலில் சீடர் காலில் விழுந்துவிட்டு, பிறகுதான் குரு எங்கே என்று கேட்பார்கள். தணிகாசலம் அதற்கும் பழகிவிட்டார்.

குடிநீர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு, வீட்டில் ஒரு பேச்சுக் குரல் கேட்கட்டுமே என்று டிவியை ஓடவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர். ஒருநாள் இந்த மடத்து அன்னக்கூடத்தில், முன்பின் தெரியாத இருவருக்கு நடுவே உட்கார்ந்து சாப்பிட்டார். திரும்பிப் போக மனம் வரவில்லை. இப்போது பந்தி விசாரிப்பது அவர் வேலை. சாயங்காலமானால் குரு உமாபதி சாமியிடம் போய், "நாளைக்கு எத்தனை இலை சாமி?" என்பார். "வர்றவங்க எத்தனை பேரோ அத்தனை" என்பார் சாமி. தினமும் அதே கேள்வி, அதே பதில். அதைக் கேட்டால்தான் தணிகாசலத்துக்குத் தூக்கம் வரும்.

ஒரு காலையில் கன்னியம்மா வந்து நின்றாள். இடுப்பளவுத் தண்ணீரில் அமர்ந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறவள். இரண்டு கையும் தடவுவதால், இறால் போடும் ஓலைப் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்வாள். அவள் பறி காலியாக இருந்தது.

"கழியில எறாலே இல்ல சாமி. அடியெல்லாம் பாசி அழுவி நாறுது. விடியக்காலைல மீனுங்க வாயைப் பொளந்துக்கினு மேல வந்து நிக்குது. தண்ணியில யாரோ என்னமோ கலக்குறாங்க."

சாமி தணிகாசலத்தைப் பார்த்தார். "இது உங்க வித்தை ஆச்சே, ஐயா."

தணிகாசலத்துக்கு உற்சாகம் பிடிபடவில்லை. மேற்கே இறால் பண்ணை இருக்கிறது, வேறு யார் கலக்கப் போகிறார்கள்? பெட்டியில் கிடந்த குப்பிகளைத் துடைத்து எடுத்துக்கொண்டு போனார். நாலைந்து இடத்தில் தண்ணீர் மொண்டு சோதனை மருந்து விட்டார். உரமோ, சாக்கடையோ, சாணியோ கலந்து தண்ணீரில் தழைச்சத்து ஏறியிருந்தால் குப்பி சிவக்கும். ஒன்றுகூடச் சிவக்கவில்லை.

"தண்ணி சுத்தமாத்தான் இருக்கும்மா" என்றார்.

கன்னியம்மா காலிப் பறியோடு திரும்பிப் போனாள்.

அன்று கடைசிப் பந்தி எழுந்ததும் சாமி மடைப்பள்ளிக்கு வந்தார். பெரிய அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஐயா, இன்னிக்குச் சமைக்கவே இல்லையா?"

"என்ன சாமி இப்படிக் கேக்குறீங்க? மூணு பந்தி போச்சே."

"அண்டாவுல சோறு இல்லையே."

"அதான் எல்லாரும் சாப்பிட்டுட்டாங்களே."

"அப்ப, சமைச்சாங்களா இல்லையான்னு அண்டாவைக் கேட்டுப் பிரயோசனமில்ல."

தணிகாசலம் காலி அண்டாவைப் பார்த்தார். காலமெல்லாம் குழாய்த் தண்ணீரைச் சோதித்த கை அது. குழாய்க்குள் பாசி கிடையாது, தண்ணீரைக் கேட்டாலே போதும். ஆழமில்லாத கழியில் அடிவரை வெயில் விழும், கலப்பதையெல்லாம் பாசி உடனுக்குடன் தின்று தீர்த்துவிடும் என்பது இதுவரை அவர் புத்திக்கு எட்டவே இல்லை. வெட்கமாக இருந்தது. கழிவு கலக்கும் இடத்தில் பாசி கொழுக்கும், இனிப் பாசியைத்தான் கேட்க வேண்டும்.

மறுநாள் கன்னியம்மாவிடம் போய் மூன்று பறி கேட்டார்.

"எடுத்துக்க சார். இது எங்க நாத்தனாரோடது, இது அவ மருமவளோடது, இது எம் பொண்ணோடது. எறால் இல்லன்னு எல்லாம் வெளியூர்ச் செங்கச் சூளைக்குப் போயிட்டாங்க. இப்ப வூட்டுல நான் ஒருத்திதான். பறி சும்மாதான் கெடக்குது."

கடல் வந்து அலசிவிட்டுப் போகும் முகத்துவாரத்தில் பாசி மெலிந்து கிடந்தது. அதில் ஒரே அளவாகப் பறிக்கு ஒரு பிடி போட்டு, வாய்க்கு வலை கட்டினார். ஒன்றைப் பண்ணை வாய்க்காலிலும் ஒன்றை ஊர்த்துறையிலும் குச்சி நட்டுத் தொங்கவிட்டார். மகளின் பறியை மட்டும் அன்னக்கூடத்துக்குப் பின்னால் கழியில் கட்டினார். அது சும்மா, ஒப்புக்கு.

அமாவாசைக்குக் கட்டியதைப் பௌர்ணமிக்குப் போய்ப் பார்த்தார். பண்ணையிலும் ஊர்த்துறையிலும் பாசி கொஞ்சம் தேறியிருந்தது. அன்னக்கூடத்துப் பின்னால் இருந்த பறியோ கையை இழுத்தது. பாசி கரும்பச்சையாய்க் கொழுத்து வலையைப் பிதுக்கிக்கொண்டு நின்றது. அதற்கு நேர் மேலே, கஞ்சித் தண்ணீரும் கழிப்பறைத் தண்ணீரும் மாட்டுக் கொட்டகைத் தண்ணீரும் ஒன்றாய் வந்து விழும் குழாய். கூட்டம் பெருகியபோது அவரே முன்னின்று போட்ட குழாய்.

கழியில் ஒரு கொக்குகூட இல்லை. உள்ளே இலை போடும் சத்தம் கேட்டது. யாரோ பெரிதாகச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்காகத்தான் அவர் இங்கே இருந்தார்.

பாதிப் பாசியை அள்ளி வெளியே போட்டால் தீர்ந்தது. யார் பார்க்கப் போகிறார்கள்? அள்ளினார். தண்ணீருக்கு நடுவே அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அழுகை வந்தது. பிறகு அள்ளியதைத் திரும்பப் பறிக்குள்ளேயே போட்டார்.

மூன்று பறிகளையும் சாமி முன் கொண்டுபோய் வைத்தார். சாமி ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். கனத்ததை மட்டும் கீழே வைக்கவில்லை.

"இது எங்க இருந்துச்சு?"

"நம்ம கொல்லையில சாமி."

சாமி கொல்லைப் பக்கம், குழாய் இருக்கும் திசையில் திரும்பிப் பார்த்தார்.

"நாளையிலேர்ந்து அன்னக்கூடத்தைப் பூட்டிருங்க. குழாயை அடைச்சு, குழி வெட்டி, இனிமே ஒரு சொட்டும் கழியில விழாதுன்னு நீங்க சொன்ன பிறகு திறக்கலாம்."

"வருஷம் ஆகும் சாமி. கூட்டம் வேற மடத்தைப் பாத்துப் போயிடும்."

"போகட்டும்."

"உங்களுக்கு அது ஒண்ணுமில்ல." என்றார் தணிகாசலம். "எனக்கு? நான் மறுபடியும் ஒத்தையில உக்காந்து சாப்பிடணுமா?"

சாமி கையிலிருந்த பறியை அவரிடம் நீட்டினார்.

"இது கன்னியம்மா பொண்ணோடதுதானே?"

"ஆமா."

"தினமும் சாயங்காலம் எத்தனை இலைன்னு என்கிட்ட வந்து கேப்பீங்க. இன்னிக்கு இந்தப் பறியைக் கொண்டுபோய்க் குடுத்துட்டு, அந்தம்மாகிட்டக் கேளுங்க ஐயா, ராத்திரிக்கு அவங்க வீட்டுல எத்தனை தட்டுன்னு."