கழுவிய கலயம்

திருச்செந்தூருக்கு நடந்து போகிறவர்கள் வெயில் தாழும்வரை ஒதுங்குகிற மடம் அது. அங்கே உலகம்மை இருந்தாள். நாற்பதைத் தொடாத வயது. வருகிறவர்களுக்கு மோர் ஊற்றுவாள், கேட்டால் இரண்டு வார்த்தை சொல்வாள். அந்த இரண்டு வார்த்தைக்காகவே சிலர் அவளைக் குரு என்று பிடித்துக்கொண்டார்கள். அவர்களில் மூத்தவர் ஆதிலிங்கம். அவளுக்கு அப்பா வயது அவருக்கு. அவர் அவளைத் தாயி என்பார், அவள் அவரை அண்ணாச்சி என்பாள். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அவர்கள் இருவருக்கும் வந்ததில்லை.

ஒரு மத்தியானம் ஆதிலிங்கம் மடத்துக்கு வந்தார். கக்கத்தில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் சரிகை போட்ட பொன்னாடை, கசங்காமல் மடித்தபடி.

"சாப்பிட்டீயளா அண்ணாச்சி?"

"ஆச்சு தாயி."

ஆகவில்லை. காலையில் ஒரு டீயும் வர்க்கியும், அதோடு சரி. ஆனால் நம் பக்கத்தில் அந்தக் கேள்வியை யாரும் பதிலுக்காகக் கேட்பதில்லை, பதிலையும் யாரும் உண்மைக்காகச் சொல்வதில்லை. வணக்கம் சொல்வதுபோல அது ஒரு வழக்கம். மனைவி தங்கபுஷ்பம் இறந்ததிலிருந்து ஆதிலிங்கத்தின் வீட்டில் அடுப்பு எரியவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் ஆச்சு, ஆச்சு என்று சொல்லியே மனிதர் பாதியாகிப் போயிருந்தார்.

"நான் ஒரு பாவம் பண்ணிட்டேன் தாயி. அதுக்கு நீங்கதான் பரிகாரம் சொல்லணும்."

உலகம்மை மோர்ப்பானையை மூடிவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க."

ஆதிலிங்கத்துக்குத் தேரிக்காட்டு ஓரத்தில் ஒரு விளை, சின்னத் தோப்பு, உண்டு. செக்கச் செவேலென்று மணல், நாலு பனை, ஒரு வேம்பு. முருங்கை வைக்கலாம் என்று குழி தோண்டினார். மண்வெட்டி எதிலோ பட்டு டொம்மென்றது. உள்ளே ஒரு தாழி. பழைய காலத்தில் இறந்தவர்களை வைத்துப் புதைப்பார்களே, அது. மூடியிருந்த கல்லை நகர்த்தினால் உள்ளே பொடிந்துபோன எலும்பும், துரு ஏறிய இரும்புத் துண்டும், ஒரு சின்னக் கலயமும் இருந்தன.

ஆதிலிங்கம் எதையும் ஒளிக்கவில்லை. உடனே சொல்லி அனுப்பினார். அதிகாரிகள் வந்து தாழியைப் பிள்ளையைத் தூக்குவதுபோலத் தூக்கிப்போனார்கள். கலயத்தை மட்டும் அவர்கள் வருமுன்பே அவர் வெளியே எடுத்து வைத்திருந்தார். கறுப்பும் சிவப்புமாய், அகன்ற வாயோடு, இரண்டு கைக்குள் அடங்குகிற கலயம். டவுனில் புதிதாகத் திறந்த அருங்காட்சியகத்துக்கு அதைத் தன் கையாலேயே கொடுக்கவேண்டும் என்று அவருக்கு ஆசை, அதிகாரிகளும் சரி என்றார்கள். கொடுத்தார். பொன்னாடை போட்டார்கள். கைதட்டினார்கள்.

"எல்லாம் நல்லாத்தான் நடந்துச்சு தாயி. அப்புறம் அந்த ரெஜினாம்மா கேட்டாவ."

ரெஜினா அந்த அருங்காட்சியகத்தின் காப்பாட்சியர்.

"என்ன கேட்டாவ?"

"கலயத்துக்குள்ள ஏதும் இருந்துச்சான்னு கேட்டாவ. கருப்பாப் புழுதி கெடந்துச்சும்மா, நான் தேங்காநாரு போட்டுத் தேச்சு, நாலு தண்ணி விட்டுக் கழுவித்தான் கொண்டாந்திருக்கேன்னு சொன்னேன். பெருமையாத்தான் சொன்னேன். அழுக்குப் பாத்திரத்த யாராச்சும் ஒருத்தர் கையில குடுப்பாவளா?"

"மாட்டாவ."

"அந்தம்மா மொகம் விழுந்துபோச்சு. அது புழுதி இல்ல ஐயா, செத்தவங்களுக்குக் கூட வச்சு அனுப்பின சோறா இருக்கும்னு சொன்னாவ. சோறு தாயி. வழிக்குக் கட்டிக் குடுத்த சோறு. அதப் போயி நான் பனையடியில கொட்டிட்டேன்."

வெயில் மடத்து வாசலில் அசையாமல் கிடந்தது.

"இப்ப அவ வாரா."

"யாரு?"

"அந்தச் சோத்துக்குச் சொந்தக்காரி."

மத்தியானம் வேப்பமரத்தடியில் கட்டிலைப் போட்டு ஆதிலிங்கம் கண் அசருவார். அசந்ததும் தேரி மணல் நகர ஆரம்பிக்கும். காற்று இருக்காது, இலை ஆடாது, மணல் மட்டும் தண்ணீர்போல மெல்ல நகரும். அதன்மேல் ஒரு பெண் நடந்து வருவாள். சுவடு விழாது. வெயில் அவளுக்குப் பின்னால் இருப்பதால் முகம் தெரியாது. கட்டிலின் கால்மாட்டில் வந்து நின்று இரண்டு கையாலும் கலயத்தை நீட்டுவாள். ஆதிலிங்கம் கண்ணை இறுக மூடிக்கொள்வார். அங்கே மூடினால் இங்கே திறந்துவிடும். கட்டிலும் வேம்பும் மட்டும் இருக்கும்.

"என்ன கேக்கா?"

"வாயத் தொறக்க மாட்டா. நீட்டுவா, அவ்வளவுதான். நான் கொட்டுன சோத்தத்தான் கேக்கா, வேற என்னத்தக் கேப்பா?"

சொல்லிக்கொண்டிருந்தவர் பொன்னாடைப் பையால் கண்ணைத் துடைத்தார்.

"தங்கபுஷ்பத்துக்கு நான் வாய்க்கரிசி போடல தாயி. மும்பையில தம்பி கடையில நின்னேன். மழையில ரயிலு ஓடல. வந்து சேந்தப்ப சாம்பலுதான் இருந்துச்சு. கட்டுனவளுக்கு ஒரு பிடி அரிசி போட எனக்குக் குடுத்துவைக்கல. யாரோ ஒருத்திக்கு யாரோ பாசமா வச்ச சோத்தையும் கொட்டிட்டேன். நான் என்ன மனுசன்?"

உலகம்மை எழுந்து முந்தானையை உதறினாள்.

"வாங்க. கலயத்தப் பாப்போம்."

இருவரும் பஸ் ஏறினார்கள்.

அருங்காட்சியகம் முன்பு உப்புக் கிடங்காக இருந்த கட்டடம். எத்தனை முறை வெள்ளை அடித்தாலும் சுவரில் உப்பு பூத்துக்கொண்டே இருந்தது. உள்ளே வெளிச்சம் கம்மி. மின்விசிறி மெதுவாகச் சுற்றியது. கண்ணாடிப் பெட்டிகளுக்குள் இருந்தவையெல்லாம் குளத்தடியில் கிடப்பதுபோல் தெரிந்தன. ஒரு மீனவர் வலையில் சிக்கிய கல் நங்கூரம், கிணறு வெட்டியவர் கொடுத்த பாசிமணி, ஒரு டீச்சர் கொடுத்த உடைந்த விளக்கு. ஒவ்வொன்றின் கீழும் ஓர் அட்டை, அதில் கொடுத்தவர் பெயர். ஊரே தன் காலடியில் கிடந்ததையெல்லாம் கொண்டுவந்து இங்கே கூட்டி வைத்திருந்தது.

கடைசிப் பெட்டியில் கலயம் இருந்தது. "அன்பளிப்பு: ஆதிலிங்கம்" என்று எழுதியிருந்தது. தன் பெயரைப் பார்க்க அவருக்குக் கூச்சமாக இருந்தது.

ரெஜினா சாவிக்கொத்தோடு வந்தாள்.

"வாங்க ஐயா. சாப்பிட்டீங்களா?"

"ஆச்சும்மா."

வேட்டி மடிப்பிலிருந்து அவர் ஒரு சின்னத் துணி முடிச்சை எடுத்தார். உள்ளே பச்சரிசி.

"ஒரே ஒரு பிடி இதுல போட்டுக்கிடுதேன். பிறகு நீங்க பூட்டிக்கிடுங்க."

"அது முடியாது ஐயா. பூச்சி வந்துடும். மத்த பொருளையும் கெடுத்துடும்."

"அப்ப திருப்பிக் குடுத்திருங்க. நிரப்பி, பழைய குழியிலயே வச்சு மூடிருதேன்."

"எப்படி ஐயா தர முடியும்? நீங்க கொடுத்துட்டீங்க. இப்ப இது ஊர்ப் பொருள். நானே நினைச்சாலும் என் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது."

ரெஜினா நல்லவள். கிழவனார் அரிசி முடிச்சை மறுபடி கட்டுவதைப் பார்த்து அவளுக்கு மனசு இளகியது.

"ரொம்ப வருத்தப்படாதீங்க. மண் பாத்திரம் உள்ள இருந்ததைக் கொஞ்சம் குடிச்சு வச்சிருக்கும். கழுவினாலும் முழுசாப் போயிடாது. என்ன சமைச்சாங்கன்னு கண்டுபிடிக்கக்கூட வழி இருக்கு."

"கண்டுபிடிச்சா அவளுக்குப் பசியாறுமா?"

பாவம், ரெஜினா படித்த எதிலும் அந்தக் கேள்வி வரவில்லை.

இவ்வளவு நேரமும் கலயத்தையே பார்த்துக்கொண்டிருந்த உலகம்மை திரும்பினாள்.

"அண்ணாச்சி, அவ எப்படி நீட்டுதா? காட்டுங்க."

"எப்படின்னா?"

"அவ மாதிரி நின்னு காட்டுங்க."

ஆதிலிங்கம் வெட்கப்பட்டார். பிறகு அரிசி முடிச்சை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தி, குனிந்து, முன்னால் நீட்டினார். எதிரே நின்ற ரெஜினா சாவிக்கொத்தைச் சட்டென்று இடுப்பில் செருகிக்கொண்டு, அவர் கைக்குக் கீழே தன் இரண்டு கையையும் ஏந்தினாள்.

"நீங்க ஏம்மா கைய நீட்டுதிய?" என்று கேட்டாள் உலகம்மை.

"அவர் தர்றாரேன்னு..." ரெஜினா கையை இழுத்துக்கொண்டாள்.

"நான் தரலம்மா. அவ கேக்கதத்தான் காட்டுனேன்" என்றார் ஆதிலிங்கம்.

அப்புறம் தன் கைகளைப் பார்த்தார். ரெஜினாவின் கைகள் இருந்த இடத்தைப் பார்த்தார். மறுபடி தன் கைகளைப் பார்த்தார்.

மடத்துக்குத் திரும்பும் பஸ்ஸில் பாதி வழி வந்திருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே உப்பளங்கள் வெள்ளை வெள்ளையாய்ப் போய்க்கொண்டிருந்தன.

"அவ தாரான்னா சொல்லுதிய?"

"நான் ஒண்ணும் சொல்லல. அடுத்த தடவ வந்தா கண்ண மூடாதீங்க. உள்ள என்ன இருக்குன்னு பாருங்க."

"வெறும் கலயமாத்தான இருக்கும்? நான்தான கழுவுனேன்?"

"பாத்தீயளா?"

"இல்ல."

"நம்ம ஊருல ஒருத்தர் பாத்திரத்தக் காலியாத் திருப்பிக் குடுப்பாவளா அண்ணாச்சி?"

அவருக்குத் தங்கபுஷ்பம் ஞாபகம் வந்தது. பக்கத்து வீட்டுக் கிண்ணம் எதுவும் அவள் கையிலிருந்து வெறுமனே போனதில்லை. ஒன்றுமே இல்லாத நாளில் ஒரு துண்டு கருப்பட்டியாவது போட்டுத்தான் கொடுப்பாள். பஸ் என்றும் பாராமல் ஆதிலிங்கம் அழுதார்.

மறுநாள் கனவில் அந்தப் பெண் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. வரக்கூடாது என்று பயந்து கிடந்தவர், இப்போது வரவில்லையே என்று தவித்தார். கட்டிலை வெயிலுக்கு இழுத்துப் போட்டார், திரும்ப நிழலுக்கு இழுத்தார். தூக்கத்தைக் கூப்பிட்டால் வருமா?

கூப்பிடாமல் விட்ட ஒருநாள் வந்தது. மணல் நகர்ந்தது. எங்கோ பனையோலை உரசுகிற சத்தம், ஆனால் எந்தப் பனையும் அசையவில்லை. அவள் நடந்து வந்தாள். கால்மாட்டில் நின்றாள். நீட்டினாள்.

ஆதிலிங்கம் கண்ணை மூடவில்லை. முழங்கையை ஊன்றி எழுந்து கலயத்துக்குள் எட்டிப் பார்த்தார். சூடாக ஆவி முகத்தில் அடித்தது.

விழித்தபோது கன்னம் ஈரமாக இருந்தது. துண்டைக்கூட எடுக்காமல் மடத்துக்கு நடந்தார்.

மடத்தில் அன்று கூட்டம். பச்சை வேட்டிக்காரர்கள் வரிசையில் நின்று மோர் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மூலையில் பெரிய பானையில் சோறு வடித்து இறக்கியிருந்தது. ஆதிலிங்கம் வரிசையில் நிற்காமல் நேரே உலகம்மை முன்னால் போய் நின்றார்.

"பாத்துட்டேன் தாயி."

"என்ன இருந்துச்சு?"

"சோறு. சுடுசோறு. கலயம் நெறைய." அவருக்கு மூச்சு வாங்கியது. "நடுவுல ஒரு குழி இருந்துச்சு."

"குழியா?"

"தங்கபுஷ்பம் எனக்குச் சோறு போட்டா அகப்பைக் காம்பால நடுவுல ஒரு குழி போடுவா. குழம்பு ஓடாம இருக்கதுக்கு. வேற யாரும் அப்படிப் போட்டு நான் பாத்ததில்ல. அதே குழி. மொகம் தெரியல தாயி, குழி தெரிஞ்சுச்சு."

உலகம்மை அகப்பையைக் கீழே வைத்தாள்.

"வந்தது யாரு தாயி? தாழியில கெடந்தவளா, எனக்கு வாக்கப்பட்டவளா? அவ பட்டினியாப் போனான்னுல்ல நான் நெனச்சேன். அவ எதுக்கு எனக்குக் கொண்டுவாரா? இதுக்கு என்ன அர்த்தம்? நான் இப்ப என்ன செய்யணும்?"

உலகம்மை அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். இடுப்பில் நிற்காமல் நழுவுகிற வேட்டியைப் பார்த்தாள். ஒட்டிப்போன கன்னத்தைப் பார்த்தாள். பிறகு வழக்கமாகக் கேட்பதுபோலவே கேட்டாள்.

"சாப்பிட்டீயளா அண்ணாச்சி?"

ஆதிலிங்கம் வாயைத் திறந்தார். ஆச்சு என்ற சொல் வெகுநேரமாகியும் வரவில்லை.