விரிந்தால் போச்சு

“கோபத்தை விடறதுக்கு என்ன வழி தாயி?” என்று கேட்டார் சங்கிலி.

கேட்கும்போதே கத்தினார். தகரக் கூரை மேல் உட்கார்ந்திருந்த காக்கா எழுந்து பறந்தது.

உமையாளம்மா ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

“யார் விடச் சொன்னது?”

“பொண்டாட்டி.”

நிலக்கோட்டையில் மல்லிகை மண்டி வைத்திருப்பவர் சங்கிலி. அடுத்தவன் கூடையைத் தலையில் சுமந்து ஆரம்பித்த ஆள், நாற்பது வருடம் கத்திக் கத்தியே முன்னுக்கு வந்தார். மார்க்கெட்டில் கத்தாதவன் சரக்கு கூடையிலேயே கிடக்கும். அதில் தப்பில்லை. ஆனால் அந்தத் தொண்டை வீட்டு வாசலில் செருப்போடு கழன்று நிற்கவில்லை. ரசத்தில் உப்புக் குறைந்தால் கத்தல். ஃபேன் மெதுவாகச் சுற்றினால் ஃபேனைப் பார்த்துக் கத்தல்.

மனைவி பவுனு முப்பத்தெட்டு வருடம் பொறுத்தாள். பிறகு பெட்டியைக் கட்டினாள்.

“மாசி மகத்தன்னைக்கு வருவேன். உங்க பக்கத்துல அஞ்சு நிமிசம் உட்காருவேன். கத்தாம, பேரம் பேசாம இருந்தீங்கன்னா வீட்டுக்கு வர்றேன். இல்லேன்னா கடைசி வரைக்கும் மக வீட்டோட இருந்துக்கறேன்.”

“அஞ்சை மூணாக்கு,” என்றார் சங்கிலி.

பவுனு போய்விட்டாள்.

அதனால்தான் கொடைக்கானலுக்கு மேலே இந்தக் குளிரில் வந்து நின்றார். எப்பேர்ப்பட்ட ஆளையும் அடக்கிவிடும் அம்மா என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். பார்த்தால் அம்மாவுக்கு முப்பத்தாறு வயது. அவருடைய மூத்த மகளைவிட ஒரு வயது குறைவு.

நடந்ததையெல்லாம் கேட்டுக்கொண்ட அம்மா, “மகத்துக்கு எத்தனை நாள் இருக்கு அண்ணே?” என்றார்.

“பதினோரு நாள்.”

“அக்காவை இங்கேயே வரச் சொல்லிருங்க. இப்ப பின்னால போய் ஒரு பூ பறிச்சுட்டு வாங்க. நல்லதா ஒண்ணு.”

பூவா! சங்கிலிக்கு முதுகு நிமிர்ந்தது. பூவில் அவருக்கு ஒருத்தி பாடம் எடுப்பதா?

பின்பக்கம் புல்லெல்லாம் உறைபனி. அதன் நடுவே மஞ்சள் மஞ்சளாய்ப் பூ, ஆறு இதழும் நடுவில் ஒரு சின்னக் கிண்ணமுமாக. எந்தக் காலத்திலோ எவனோ ஒரு வெள்ளைக்காரன் கிழங்கை ஊன்றிவிட்டுப் போனான். வருடா வருடம் பனி விடைபெறுகிற கடைசி வாரங்களில் மண்ணைப் பிளந்துகொண்டு வந்துவிடும். டாஃபடில் என்று பெயராம். அது வாயில் நுழையாதவர்கள் கிழங்குப்பூ என்றார்கள்.

சங்கிலி விரிந்த பூக்களைப் பார்த்து உச்சுக் கொட்டினார். “அத்தனையும் கழிசல்.” பச்சையாய், இறுக்கமாய் ஒன்றைத் தேடிக் கிள்ளிக்கொண்டு வந்தார்.

“என்னண்ணே இது?”

“பூ.”

“மொட்டு.”

“மொட்டுதான் தாயி பூ. விரிஞ்சா போச்சு. விரிஞ்ச மல்லியை எவன் கையில வாங்குவான்?”

அம்மா அந்த மொட்டை அவருடைய சட்டைப் பையில் செருகிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாளும் அதே வேலை. மறுநாளும் மொட்டு. மறுநாளும் பை. நடுவில் அவர் சும்மா உட்கார்ந்து பழகினார். இரண்டாவது நிமிடம் காக்கா கத்தும். அவர் காக்காவைப் பார்த்துக் கத்துவார். அதோடு பயிற்சி முடியும்.

ஐந்தாம் நாள் பையிலிருந்து வாடிய மொட்டுகளை அள்ளி எடுத்துத் தரையில் வீசியடித்தார்.

“மருந்து கேட்டு வந்தா பூப்பறிக்கற வேலையா? நான் யார்னு நினைச்சீங்க? கண்ணை மூடிட்டு மோந்து பார்த்தே எந்த ஊர்ப் பூன்னு சொல்லுவேன்!”

“நாற்பது வருசத்துல ஒரு பூ விரியறதப் பார்த்திருக்கீங்களா அண்ணே?”

“அது வாங்கினவன் பாடு. சாயங்காலம் எவ தலையிலயோ விரியும். விடிஞ்சா குப்பை.”

“இது குப்பையாகாது. இந்தக் குளிருக்குப் பத்து நாள் நிக்கும்.”

“பத்து நாளா! யாருகிட்ட விடறீங்க கதை? காலையில விரிஞ்சா சாயங்காலம் தலை தொங்கிரும்.”

“பந்தயம்?”

அந்த ஒரு சொல் போதும் சங்கிலிக்கு. சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

“நான் ஜெயிச்சா?”

“அஞ்சு நிமிசப் பரீட்சையே வேண்டாம்னு அக்காகிட்ட நானே பேசி வீட்டுக்கு அனுப்பறேன்.”

“தோத்தா?”

“ஆறு மாசம் ஆட்டுக் கொட்டகை கூட்டணும்.”

“ஒரு மாசம்.”

“அஞ்சு.”

“ரெண்டு. அதுக்கு மேல பேச்சில்லை.”

“சரி, மூணு.”

சங்கிலி யோசித்துவிட்டுத் தலையாட்டினார். மொட்டை அவரே தேர்ந்தெடுத்தார். வேட்டி மடிப்பிலிருந்து வாழைநார் எடுத்துத் தண்டில் அடையாளத்துக்குக் கட்டினார்.

“கூடை மாத்தற வித்தையெல்லாம் கண்டவன் நான். வாடுன பூவைக் கிள்ளிட்டுப் புதுப்பூவைக் காட்டுவீங்க. இங்கேயே உட்கார்ந்திருப்பேன்.”

“உட்காருங்க,” என்றார் அம்மா.

பாத்தி ஓரத்தில் ஒரு பலகை கிடந்தது. உட்கார்ந்தார்.

முதல் நாள் மொட்டு ஈட்டி மாதிரி நேராக நின்றது. மறுநாள் கொஞ்சம் சாய்ந்தது. “ஏமாத்துது,” என்றார். அதற்கடுத்த நாள் கொக்குக் கழுத்து மாதிரி வளைந்தது. பச்சைக்குள்ளே எங்கேயோ ஒரு மஞ்சள். சங்கிலி கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். காக்கா கத்தியது. அவர் காதில் விழவில்லை.

மகத்துக்கு முந்தின நாள் பொழுது சாய்கையில் குளிர் ஏறியது. அம்மா வந்தபோது மொட்டின் மேல் ஒரு துண்டு கூடாரம் மாதிரி நின்றது. சங்கிலி தலையில் துண்டில்லாமல் நடுங்கிக்கொண்டிருந்தார்.

“கருகினா உங்களுக்குத்தானே அண்ணே லாபம்?”

சங்கிலி துண்டின் முனையை இழுத்துச் சரிசெய்தார்.

“விரியறதுக்கு முன்னாடி கருகினா பந்தயம் செல்லாதுல்ல!”

அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் வெயில் வந்தது. துண்டை எடுத்தார் சங்கிலி. மொட்டைச் சுற்றியிருந்த காகிதம் போன்ற தோல் ஒரு பக்கம் கீறியிருந்தது.

மூச்சு விட்டால் கெட்டுவிடுமோ என்று முகத்தைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டார்.

அம்மா கொண்டுவந்து வைத்த டீ ஆறியது. அதில் ஓர் எறும்பு விழுந்தது.

பலகையில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். அம்மாவாகத்தான் இருக்கும். சங்கிலி திரும்பாமல் ஒரு விரலை உயர்த்திக் காட்டினார். சத்தம் கூடாது.

வெயில் பலகையின் ஒரு முனையிலிருந்து நகர்ந்து வந்து அவர் முழங்காலில் ஏறியது.

ஓர் இதழ் விலகியது. விலகியதா, இல்லை கண் ஏமாற்றியதா? இல்லை, விலகித்தான் இருந்தது. பிறகு இன்னொன்று. பிறகு, எப்போது என்றே தெரியாமல், ஆறும். கடைசியில் கிண்ணம், உள்ளே இன்னும் சுருக்கம் போகாமல், பிறந்த பிள்ளையின் காது மாதிரி.

நாற்பது வருடம். எத்தனை கூடை.

“பார்த்தீங்களா தாயி...” என்று திரும்பினார்.

அம்மா தூரத்தில் ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தார்.

பலகையில் மடியில் பையோடு பவுனு உட்கார்ந்திருந்தாள். கண் பூவின் மேலேயே இருந்தது.

இன்றைக்கு மாசி மகம் என்பது சங்கிலிக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

“எப்ப வந்தே?” என்றார். தன் குரல் இத்தனை மெதுவாகவும் வரும் என்று அவருக்கே தெரியாது.

“மொட்டா இருந்தப்ப,” என்றாள் பவுனு.